பணியாளர் மனநலம்: ஷிப்ட் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை

இரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் மேசைமீது எப்போதும் ஒரு பதிவேடு இருக்கும். மணிக்கு ஒரு முறை வெப்பநிலை, அழுத்தம், தொட்டியின் மட்டம் ஆகியவற்றைப் பார்த்து ஆபரேட்டர் அதில் எழுத வேண்டும். கடலூர் சிப்காட்டில் நான் பணியாளர் நல அலுவலராக இருந்த ஆலையில், சி ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் ஒருவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுதிய எண்களையே நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் அப்படியே எழுதியிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அச்சடித்தாற்போல் எழுதிவந்தவரின் எண்கள் அன்று கோட்டிலிருந்து விலகிச் சரிந்து கிடந்தன. ஷிப்ட் இன்சார்ஜ் அந்தப் பக்கத்தை நகலெடுத்து எனக்கு அனுப்பினார். நான் விளக்கம் கேட்டு மெமோ தயாரித்துக் கையெழுத்திட்டேன். அதற்கு முந்தைய ஏழு வாரங்களில் அவர் மூன்று முறை ஷிப்ட் மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்ததையும், முதலுதவி அறையில் நான்கு முறை நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கியிருந்ததையும் மெமோ போன பிறகுதான் பார்த்தேன். அந்தத் தாள்கள் அனைத்தும் என் அறை அலமாரியிலேயே இருந்தன.

கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஆட்களிடம் வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையின் மனிதவளத் துறைக்கும், புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ இருபது பேரை வைத்துப் பட்டறை நடத்துபவருக்கும், புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் விடுதி நடத்துபவருக்கும் செய்ய வேண்டியவை அளவில் மாறுமே தவிர, வகையில் மாறுவதில்லை. மருத்துவம் படிக்காதவர் செய்யக்கூடியவற்றை மட்டுமே இங்கே சொல்கிறேன். நோய் இன்னதென்று கண்டறிவதும் மருந்து தருவதும் மருத்துவரின் வேலை. ஆனால் அவரிடம் போய்ச் சேரும் வரையிலும், போய்த் திரும்பிய பின்னும் அந்த மனிதரின் நாள் எப்படிக் கழிகிறது என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் வேலையைப் பாருங்கள்

மனநலத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்ததும் பெரும்பாலான இடங்களில் முதலில் நடப்பது ஓர் உரை. அக்டோபர் 10, உலக மனநல நாளன்று வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, கேண்டீனில் நாற்காலி போட்டு, மன அழுத்தத்தைக் குறைக்கும் வழிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் செய்வார்கள். இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போக வேண்டியவர்களை நிறுத்தி வைத்து நடத்திய அப்படியொரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைய தலைப்பு தூக்கத்தின் அருமை.

உரையையும் யோகா வகுப்பையும் நான் குறை சொல்லவில்லை. அவற்றுக்கு உரிய இடம் இரண்டாவது. உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல நெறிமுறைகளும், வேலைப்பளு, வேலை நேரம், மேலதிகாரியின் நடத்தை போன்ற பணிச்சூழலின் கேடுகளைச் சரிசெய்வதையும், மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் வற்புறுத்துகின்றன. அதே நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணிச்சோர்வு நோயாக வைக்கப்படவில்லை. வேலையிடத்தில் நீண்ட காலமாகத் தீர்க்கப்படாமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே அது விவரிக்கப்படுகிறது. வேலையில் பிறந்த சோர்வை வேலையை விட்டுவிட்டு ஆளிடம் மட்டும் சரிசெய்ய முயன்றால் பலன் எவ்வளவு காலம் நிற்கும்?

ஆகவே, முதல் வேலையாக ஷிப்ட் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றும் பட்டியலுக்கு உடல் ஓரளவு பழகிக்கொள்ளும். இரவிலிருந்து மதியத்துக்கும் மதியத்திலிருந்து காலைக்கும் பின்னோக்கிச் சுற்றினால் தூக்கம் சிதறும்; நம் உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலான சுற்றில் ஓடுவதால், தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். அடுத்து, இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்குப் பாருங்கள். பி ஷிப்ட் இரவு பத்து மணிக்கு முடிகிறது. மறுநாள் அவருக்கே ஏ ஷிப்ட் என்றால் காலை ஆறு மணிக்கு வர வேண்டும். தாளில் அது எட்டு மணி நேர ஓய்வாகத் தெரியும். குறிஞ்சிப்பாடியிலிருந்து வருபவர் வீடு சேரும்போது பதினொன்றே கால். சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு தாண்டிவிடும். ஐந்து மணிக்குக் கம்பெனி பேருந்தைப் பிடிக்க நான்கேகாலுக்கு எழ வேண்டும். அவர் தூங்கியது நான்கு மணி நேரம்கூட இல்லை. பட்டியல் போடுபவரின் மேசையில் ஒவ்வொருவரின் ஊரும் பயண நேரமும் எழுதிய தாள் ஒன்று இருந்தால், இத்தகைய திருப்பங்களில் பாதியைத் தவிர்த்துவிடலாம். இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் எங்கே தூங்குகிறார் என்பதையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மே மாதப் பகலில் யாராலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியாது.

ரிலீவர் வராவிட்டால் இருப்பவரே அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பது என்ற வழக்கத்துக்கும் கணக்கு வையுங்கள். எந்தப் பெயர் மாதத்தில் மூன்று முறைக்கு மேல் வருகிறதோ, அங்கே கோளாறு ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. இரட்டைச் சம்பளம் கிடைப்பதால் அவர்களே கேட்டு வாங்குகிறார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. கடன்காரனுக்குத் தவணை கட்ட வேண்டியவர் கேட்கத்தான் செய்வார். புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் படையினர் சுட்டதில் 12 ஆலைத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்; அதன் பிறகே இங்கே எட்டு மணி நேர வேலை நாள் சட்டமானது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடும் ஊரிலேயே பதினாறு மணி நேர வேலையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பட்டறைகளும் இருக்கின்றன.

விடுதி, உணவகத் தொழிலில் சிக்கல் வேறு வகை. வெளியூர்க் கூட்டம் வெள்ளி மாலையில் இறங்கி ஞாயிறு இரவு ஏறுவதால், பரிமாறுபவருக்கும் அறை சுத்தம் செய்பவருக்கும் வார விடுமுறை செவ்வாயிலோ புதனிலோ விழுகிறது; அன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், சொந்தக்காரர் கல்யாணம் முடிந்துபோயிருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஒவ்வொருவருக்கும் சுழற்சியில் கிடைக்குமாறு எழுதி ஒட்டிவிட்டால், அது எந்தக் கவுன்சலிங்கைவிடவும் வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் வேலை உத்தரவு போடக் கூடாது என்ற விதி எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். அவசரம் என்றால் அழைத்துப் பேசட்டும்; அழைக்கத் தயங்கும் அளவுக்குச் சிறிய விஷயமென்றால் காலைவரை காத்திருக்கலாம்.

பதிவேட்டில் தெரிவது, ஆளிடம் தெரிவது

“எனக்கு மனசு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு நம் ஊரில் யாரும் மனிதவளத் துறைக்கு வருவதில்லை. தலைவலி, படபடப்பு, வயிற்றெரிச்சல், கைகால் அசதி, தூக்கமின்மை என்றுதான் வருவார்கள், அதுவும் முதலுதவி அறைக்கு. அங்கிருக்கும் பதிவேட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமை விடுப்புகள், அரை நாள் அனுமதிகள், சம்பள முன்பணம் கேட்ட விண்ணப்பங்கள், ஷிப்ட் மாற்றக் கோரிக்கைகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், தனித்தனியே பார்க்கும்போது தெரியாத ஒன்று தெரியும்.

ஆளிடம் பார்க்க வேண்டியது மாற்றத்தை. இயல்பிலேயே பேசாதவர் பேசாமல் இருப்பதில் செய்தி எதுவும் இல்லை. கேண்டீனில் எல்லாரையும் சிரிக்க வைப்பவர் இரண்டு வாரமாகத் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் அதில் செய்தி இருக்கிறது. சவரம் செய்யாமல் வருவது, சின்னச் சொல்லுக்கும் பாய்வது, செய்த வேலையையே மறுபடி மறுபடி சரிபார்ப்பது, பாதுகாப்பு விதிகளில் திடீர் அலட்சியம், தன் கருவிகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று அது பல வடிவில் வரும். வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தையும் கவனிக்க வேண்டும்: மூன்று நாள் தூங்காமலே களைப்பில்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, பெரிய தொகைக்குக் கடன் வாங்கித் தொழில் தொடங்கப்போவதாகச் சொல்பவர், அழுதுகொண்டிருப்பவர் அளவுக்கே மருத்துவ உதவி தேவைப்படுபவராக இருக்கலாம்.

இவற்றை வைத்துக்கொண்டு “அவருக்கு டிப்ரஷன்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாம் குறித்துக்கொள்ள வேண்டியது என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்ற இரண்டை மட்டுமே.

பேசுவது எப்படி

பேச வேண்டியவர் நேரடி மேற்பார்வையாளர். பலர் அதை மனிதவளத் துறைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆனால் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தாலே ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று தொழிலாளி நினைப்பார். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கண்ணாடி அறை கூடாது, கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையும் கூடாது. முன்னதில் எல்லாரும் பார்ப்பார்கள், பின்னதில் எல்லாரும் கேட்பார்கள். எடைமேடைப் பக்கம் நடந்தபடி பேசுவது எங்களுக்கு நன்றாக உதவியது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே சிலருக்கு வாய் திறக்கிறது. பெண் ஊழியரிடம் ஆண் மேற்பார்வையாளர் பேசுவதாக இருந்தால், அவர் நம்பும் பெண் ஊழியர் ஒருவர் உடன் இருப்பது நல்லது.

பார்த்ததைச் சொல்லித் தொடங்க வேண்டும்; ஊகித்ததைச் சொல்லக் கூடாது. எங்கள் ஆலையின் மூத்த ஃபோர்மேன் ஒருவர் பேசும் விதத்தை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன்.

“தம்பி, பத்து நாளா தனியா உக்காந்து சாப்புடுற. போன வாரம் ரெண்டு தடவ பஸ்ஸ விட்டுட்ட. நீ அப்படி இருக்கிற ஆளு இல்ல. என்னன்னு கேக்கலாமா?”

“ஒண்ணும் இல்லண்ணே. உடம்பு கொஞ்சம் அசதி.”

“சரி. இப்பவே சொல்லணும்னு இல்ல. வியாழக்கிழமையும் நான் இதே ஷிப்டுதான். டீ முடிச்சிட்டு இப்படியே ஒரு நட நடந்துட்டு வருவோம்.”

முதல் நாள் உரையாடல் அவ்வளவுதான். வியாழக்கிழமை அவர் சொன்னபடி போய் நின்றார்; அன்றும் பெரிதாக எதுவும் வெளிவரவில்லை. மூன்றாம் முறையில்தான் மனைவியின் நகை அடமானத்தில் மூழ்கப்போவதும், அதை வீட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பதும், இரவில் இரண்டு மணிக்கு மேல் தூக்கமே இல்லாததும் வந்தன. சொன்ன நாளில் சொன்ன இடத்தில் திரும்பப் போய் நிற்பது, எடுத்த எடுப்பில் எதைச் சொல்கிறோம் என்பதைவிட முக்கியம் என்று அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சொல்லக் கூடாதவை நமக்கு மிகவும் பழகியவை. “எல்லாருக்கும்தான் பிரச்சினை இருக்கு”, “குடும்பத்த நெனச்சுப் பாரு”, “திருவந்திபுரம் போய்ட்டு வா, எல்லாம் சரியாயிடும்” ஆகிய மூன்றும் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதாம். முதல் வாக்கியம் அவருடைய துன்பத்தைச் சிறியதாக்குகிறது. இரண்டாவது ஏற்கெனவே இருக்கும் குற்றவுணர்வை ஏற்றிவிடுகிறது. மூன்றாவது பேச்சை முடித்து அனுப்பிவிடுகிறது. கோயிலுக்குப் போவதில் அவருக்கு ஆறுதல் இருந்தால் அவரே போவார். நாம் கேட்க வேண்டிய கேள்வி, வேலையில் எதை மாற்றினால் இந்த இரண்டு வாரம் கொஞ்சம் எளிதாக இருக்கும் என்பதே. அதற்கு வரும் பதில் பெரும்பாலும் சிறியது: இரவு ஷிப்ட் வேண்டாம், குறிப்பிட்ட ஒருவருடன் ஒரே ஷிப்டில் போடாதீர்கள், புதன்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாக விடுங்கள். முடிந்ததை அன்றே செய்துவிடுங்கள். முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அந்தக் “குறிப்பிட்ட ஒருவர்” மேலதிகாரியாக இருந்து, புகார் பாலியல் தொல்லையைப் பற்றியதாக இருந்தால், நடந்துகொண்டே பேசித் தீர்க்கும் விஷயம் அதுவன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். எழுத்து மூலம் அதனிடம் போக உதவுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், இலட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் நாடு முழுவதற்கும் 12.4, புதுச்சேரிக்கு 29.7. இந்தப் பகுதியில் மேற்பார்வையாளராக இருக்கும் எவரும் இப்படியொரு நிலையை எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

“இனிமே நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்பதுபோன்ற பேச்சைக் கேட்டால், நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்பதால் இல்லாத எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம், வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைத்ததே பலருக்கு ஆசுவாசமாக இருக்கிறது. ஆம் என்றால், அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்லித் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிடுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு. வேலையிலிருந்து விடுவித்து, நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்து, வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேட்டு, அந்த நபரை வரவழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி வரும் வரையிலோ, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போதோ 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மனாஸ் எனப்படும் இந்த அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பத்தவராக இருந்தால், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே எடுத்து வேறு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்வது உயிரைக் காக்கும் செயல். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்ற வேண்டுகோளுக்கு உடன்படக் கூடாது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பத்தார் மறைப்பதுண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கே அனுப்புவது, செலவுக்கு என்ன வழி

பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் குறைபாடு உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டுவதில்லை. நம் பகுதியில் இடமில்லாமல் அப்படி ஆகிறது என்று சொல்ல முடியாது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறை இருக்கிறது; கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. தடையாக இருப்பவை வெட்கமும், ஒரு நாள் சம்பள இழப்பும், வெளிநோயாளிச் சீட்டுக்காக விடியலில் போய் நிற்க வேண்டியிருப்பதுமே. இவற்றில் இரண்டாவதை நிறுவனம் தீர்க்க முடியும்: மருத்துவமனை செல்லும் நாளைச் சம்பளத்துடன் கூடிய அனுமதியாக, காரணம் கேட்காமல், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்துத் தர வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. உண்டு. உடல்நலமின்மைக்காகச் சம்பளத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். நீண்ட கால நோய்களுக்கான பட்டியலில் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) போன்ற கடுமையான மனநோய்களும் இருப்பதும், தகுதியுள்ளவர்களுக்கு 80 விழுக்காடு என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகள்வரை உதவித்தொகை கிடைக்கக்கூடும் என்பதும் மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கே தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் உள்ளவர்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். உடல்நோய்க்கு உள்ள அடிப்படையிலேயே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இருக்கிறது.

மருத்துவச் சான்றிதழ் வருகைப் பதிவாளரின் திறந்த கோப்பில் கிடக்கக் கூடாது. எங்கள் ஆலையில் சான்றிதழை ஒட்டிய உறையில் நல அலுவலர் மட்டும் வாங்கி, “மருத்துவ விடுப்பு” என்ற இரண்டு சொற்களை மட்டும் பதிவேட்டுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தோம். கொண்டுவந்த மறு மாதமே, அதுவரை மனநலச் சான்றிதழ் எதுவும் வராத இடத்தில் இரண்டு வந்தன.

குடி

இதை ஒதுக்கிவிட்டு இந்தப் பகுதியில் மனநலத்தைப் பற்றிப் பேசுவது வீண். புதுச்சேரியில் மது விலை குறைவு. சம்பள நாளன்று கடலூர்ப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிப் போய் வருவது வழக்கமாகவே ஆகிவிட்டது. தூக்கம் வராதவர் குடிக்கிறார். குடித்ததால் வரும் தூக்கம் அரைகுறையாக உடைகிறது. மறுநாள் பதற்றம் இன்னும் கூடுகிறது. மனச்சோர்வும் குடியும் ஒன்றையொன்று வளர்க்கும்போது எது முதலில் வந்தது என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. மனநல மருத்துவர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்.

மேற்பார்வையாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், அடுத்த சில மணி நேரங்களில் கை நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதற்கடுத்த நாட்களில் இல்லாதவை தெரியும் மனக்குழப்பமும் வரலாம். அது உயிரையே எடுக்கக்கூடியது. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துபவர்கள் எல்லா ஆலையிலும் உண்டு. அவர்களுடைய உறுதியை மதிக்க வேண்டும். மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தோடு நிறுத்தச் சொல்லவும் வேண்டும். கார்த்திகை முதல் வாரத்தில் உயரத்தில் ஏறும் வேலைக்கு அனுமதிச் சீட்டு தருமுன் கைகள் நடுங்குகின்றனவா என்று பார்ப்பதை நாங்கள் வழக்கமாக்கினோம்.

குடித்துவிட்டு வந்தவரை ஆலைக்குள் விடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அன்று திருப்பி அனுப்புவது பாதுகாப்பு நடவடிக்கை. ஆனால் சிகிச்சைக்குப் போக ஒப்புக்கொண்டவர்மீது, போய்க்கொண்டிருக்கும் காலத்திலேயே பழைய தவறுகளுக்கு ஒழுங்கு நடவடிக்கையைத் தொடர்ந்தால், அடுத்தவர் எவரும் வாய் திறக்க மாட்டார்.

திரும்பி வரும் நாள்

விடுப்பிலிருந்து வருபவருக்கு முதல் நாளே பழைய சுமையைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் பொது ஷிப்ட், அதில் முதல் வாரம் மிகைநேரம் இல்லை, நான்காவது வாரத்தில் உட்கார்ந்து பேசி அடுத்ததை முடிவு செய்வது என்ற ஏற்பாடு பெரும்பாலானோருக்குப் பொருந்தியது. மனச்சோர்வுக்கான மருந்து பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் அதற்கு முன்பே வந்துவிடும். அந்த நாட்களில் கிரேன், ஃபோர்க்லிஃப்ட், உயரமான தளம் ஆகியவற்றிலிருந்து விலக்கிவைத்து, அது தற்காலிகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயரை நாம் கேட்கத் தேவையில்லை. செய்யக் கூடாத வேலை எது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னால் போதும். இரண்டு விஷயங்களை மட்டும் அந்தச் சீட்டில் குறிப்பாகக் கேட்கச் சொல்வேன். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே நோயைத் திரும்ப அழைத்துவரும் என்பதால், இரவு ஷிப்ட் பார்க்கலாமா என்பது ஒன்று. கொதிகலன் பக்கம் வேலை செய்யலாமா என்பது மற்றொன்று. அந்த நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவருக்கு வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம்.

சக ஊழியர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை வருபவரே முடிவு செய்யட்டும். மாலை, பொன்னாடை, கைத்தட்டல் எதுவும் வேண்டாம். அவருடைய லாக்கரில் வேறு பூட்டு தொங்காமல் இருக்கிறதா, ஹெல்மெட் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

புயலுக்குப் பிறகு

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலும் அதையடுத்த தென்பெண்ணை வெள்ளமும் என்று இந்தக் கரைக்கு ஆண்டின் கடைசி வாரங்கள் கனமானவை. புயல் முடிந்த வாரத்தில் யாரையும் உட்கார வைத்து நடந்ததையெல்லாம் விவரிக்கச் சொல்லாதீர்கள். கூரை, குடிநீர், பிள்ளைகளின் சான்றிதழ், முன்பணம் ஆகியவற்றுக்கு வழி செய்வதே அந்நேரத்து மனநலப் பணி. பேச விரும்புபவர் பேசட்டும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமின்மையும் திடுக்கிடலும் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் குப்பங்களிலிருந்து வருபவர் டிசம்பர் 26 அன்று விடுப்பு கேட்டால் காரணம் கேட்காதீர்கள்.

தொடக்கத்தில் சொன்ன ஆபரேட்டர் மெமோவுக்கு இரண்டு வரியில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவரிடம் பேசினேன். ஜிப்மருக்கு ஐந்து மாதம் போய் வந்தார். இரவு ஷிப்டிலிருந்து விலக்கு பெற்றார். கோப்பிலிருந்து மெமோவை எடுத்துவிடும்படி நிர்வாகத்திடம் கேட்டேன். எண்ணிட்ட தாளை எடுக்க முடியாது என்றார்கள். அவர் மூன்று முறை கொடுத்த ஷிப்ட் மாற்ற விண்ணப்பங்களின் நகலையும், அவை என் மேசையில் பதிலின்றிக் கிடந்த தேதிகளையும் எழுதி, கையெழுத்திட்டு, அந்த மெமோவுக்கு அடுத்த தாளாகச் சேர்த்து வைத்தேன்.